ஒரு வேண்டுதலின் பயணம்: 'தமாதம் மஸ்த் கலந்தர்'

எண்பதுகளின் முற்பகுதி. வாப்பா குவைத்தில் தொழில் பார்த்த காலம். லீவில் வந்தபோது ஒரு கெசட் ரேடியோவும், அறையில் கூட இருந்த பாகிஸ்தானிச் சினேகிதர் பதிந்து கொடுத்த ஒரு கெசட்டும் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒரு பாடல் எங்கள் தெருவுக்கே பிடித்துப்போயிற்று. சொல் ஒன்றும் எங்களுக்கு விளங்காது. 'கலந்தர்' என்ற சொல் காதில் விழுந்ததும் உம்மும்மா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொள்வார். பெருநாளன்று அதே பாட்டுக்கு இளவட்டங்கள் ஆடினார்கள். ஒரே பாட்டு ஒருவரை அடக்கத்தோடு இருக்கவும் இன்னொருவரை ஆடவும் வைப்பது எப்படி என்ற கேள்வி அன்றே என்னுள் விழுந்துவிட்டது.

அந்தப் பாடல் 'தமாதம் மஸ்த் கலந்தர்'. ஸிந்து மாநிலத்தின் ஸெஹ்வான் நகரில் அடங்கியிருக்கும் லால் ஷஹ்பாஸ் கலந்தர் மீது பாடப்படுவது. அவரது இயற்பெயர் செய்யது உஸ்மான் மர்வந்தி. 1274இல் மறைந்தார். செந்நிற உடை தரித்ததால் 'லால்' என்ற பெயர் வந்தது என்பர். பாடலின் சாரம் மிக எளிமையானது. துயரத்தோடு வந்த ஒருவர் தன் மானத்தைக் காக்கும்படி மன்றாடுகிறார். ஏற்கனவே எரியும் விளக்குகளோடு தன் பங்குக்கு இன்னொரு விளக்கை ஏற்ற வந்ததாகச் சொல்கிறார். இதே பாடலில் 'ஜூலேலால்' என்ற பெயரும் வருகிறது. அது ஸிந்தி இந்துக்கள் தங்கள் நதித் தெய்வத்துக்கு வழங்கும் பெயர். ஸெஹ்வானின் வாசலில் இரு சமயத்தவரும் நின்ற வரலாறு அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது.

இதன் மூலத்தை அமீர் குஸ்ரோ (1253–1325) இயற்றினார் என்றும், பின்னர் பஞ்சாபின் புல்லே ஷா (1680–1757) அதற்கு மெருகூட்டினார் என்றும் மரபு சொல்கிறது. மரபை நான் மறுக்க வரவில்லை. ஆனால் இன்று உலகம் பாடும் மெட்டுக்கு அவ்வளவு வயதில்லை. 1956இல் வெளியான 'ஜப்ரூ' என்ற பஞ்சாபித் திரைப்படத்துக்காக மாஸ்டர் ஆஷிக் ஹுஸைன் இசையமைத்தது அது. இனாயத் ஹுஸைன் பட்டி, ஃபஸல் ஹுஸைன், ஏ. ஆர். பிஸ்மில் ஆகிய மூவரும் சேர்ந்து பாடினர். அதன் வரிகளைச் செப்பனிட்டவராக உருதுக் கவிஞர் சாகர் சித்தீக்கியின் பெயர் குறிப்பிடப்படுகிறது.

சாகரைப் பற்றி இங்கு நின்று சொல்ல வேண்டும். பிரிவினையின்போது லாகூருக்கு வந்தவர். போதைக்கு அடிமையாகி, கறுப்புப் போர்வையொன்றைச் சுற்றிக்கொண்டு வீதியோரத்தில் வாழ்ந்தார். சில காசுகளுக்காகத் தம் கஸல்களை மற்றவர்களுக்கு விற்றார். அவை வாங்கியவர்களின் பெயரில் வெளிவந்தன. 1974 ஜூலையில் நடைபாதையிலேயே இறந்துகிடந்தார். மானத்தைக் காக்கும்படி வேண்டும் பாடலோடு பெயர் சேர்ந்த ஒரு கவிஞரின் முடிவு இது.

1969இல் 'திலான் தே சௌதே' படத்துக்காக நஸீர் அலியின் இசையில் நூர்ஜஹான் இதே பாடலைப் பாடினார். மூன்று ஆண்களின் கூட்டுக் குரலில் தர்காவின் வாசலில் நின்ற பாடல், இங்கே ஒரு பெண்ணின் தனிக்குரலுக்கு மாறியது. கூட்டத்தின் ஆரவாரம் பின்னே போய், தனியொருத்தியின் முறையீடு முன்னே வந்தது. பிறகு இதைப் பாடிய பெண்கள் பலருக்கும் அந்தக் குரலே பாதை போட்டது எனலாம்.

அந்தப் பாதையில் வந்தவர்களில் ஒருவர் ரூனா லைலா. 1952இல் சில்ஹெட்டில் பிறந்து, கராச்சியில் வளர்ந்து, பாகிஸ்தான் திரையிசையில் பேரெடுத்தவர். 1971 யுத்தத்தின் பின் பங்களாதேஷ் தனிநாடாகிவிட, 1974இல் டாக்காவுக்குப் போனார். அதே ஆண்டு இந்திய மேடைகளிலும் பாடத் தொடங்கினார். இந்தியாவில் இந்தப் பாடலே அவரது அடையாளமாயிற்று. துள்ளும் தாளம், மேடையில் அசைந்தாடியபடி பாடும் பாணி, வேண்டுதல் கொண்டாட்டமானது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடியது இந்த வடிவத்துக்குத்தான் என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன். ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஸிந்துவின் இறைநேசரைப் பற்றிய பஞ்சாபிப் பாடலை, யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டுகளில், ஒரு வங்காளப் பெண் இந்தியாவில் பாடுகிறார், சபை கைதட்டுகிறது. மூன்று நாடுகளின் எல்லைக் காவலர்களால் தடுக்க முடியாமற்போன ஒன்று அது.

நுஸ்ரத் ஃபதே அலிகான் (1948–1997) பாடலை மீண்டும் கவ்வாலிக்கு அழைத்துச் சென்றார். கைதட்டலும் ஹார்மோனியமும் சூழ, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, கேட்பவரைத் தன்னை மறக்கச் செய்தார். 1990இல் கனடிய இசைக்கலைஞர் மைக்கல் புரூக்குடன் இணைந்து 'மஸ்த் மஸ்த்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்புப் பாடல் இந்த மரபிலிருந்தே கிளைத்தது. அதை பிரிட்டனின் 'மாஸிவ் அட்டாக்' குழு மறுகலவை செய்ய, நடன மண்டபங்கள் வரை போயிற்று. தொகுப்பு வேலையின்போது மொழி தெரியாமல் சில இடங்களில் வசனத்தை நடுவே வெட்டிவிட்டதையும், நுஸ்ரத் அதை ஏற்காததையும் புரூக்கே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மெட்டை மாற்றலாம், வாத்தியத்தை மாற்றலாம். சொல்லைப் பொருளற்றதாக்கக் கூடாது. புதுமைக்கு அத்தனை தூரம் கதவு திறந்த அந்தக் கலைஞர் போட்ட எல்லை அதுதான்.

ஆபிதா பர்வீன் வேறு வழியில் வந்தவர். 1954இல் ஸிந்துவின் லார்கானாவில் பிறந்து, சிறுவயதிலேயே தர்கா உரூஸ்களில் பாடியவர். மகன்மார் இருந்தும் தந்தை உஸ்தாத் குலாம் ஹைதர் தம் இசை வாரிசாக மகளையே தேர்ந்தார். ஆபிதா பாடும்போது பாட்டு தன் சொந்த மண்ணுக்குத் திரும்பிவிட்டதாக எனக்குத் தோன்றும். உம்மும்மா அதைக் கேட்டிருந்தால், முக்காட்டைச் சரிசெய்தவர் அழுதுமிருப்பார்.

2016 ஜூனில் கவ்வாலிப் பாடகர் அம்ஜத் ஸாப்ரி கராச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2017 பெப்ரவரி 16, வியாழன் மாலை, ஸெஹ்வான் தர்காவில் தமால் நடந்துகொண்டிருந்தபோது தற்கொலைக் குண்டுதாரி வெடித்தான். பெண்களும் சிறுவர்களுமாக 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் அதிகாலை தர்காவின் மணி வழமைபோல் ஒலித்தது. சில நாட்களில் நடனக் கலைஞர் ஷீமா கிர்மானி அங்கு சென்று அதே முற்றத்தில் தமால் ஆடினார். இசையும் ஸியாரமும் ஆகுமா என்ற விவாதம் நம்மிடையேயும் உண்டு. அந்த விவாதத்துக்கு இக்கட்டுரையில் இடமில்லை. ஆனால் ஒரு பாடலைக் கேட்டதற்காக உயிர் போகலாம் என்ற நிலை வந்தபோது, அப்பாடலின் முதல் வேண்டுதல் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டதை மறுக்க முடியாது.

ஸெஹ்வான் நமக்குத் தொலைவு, சொல் தொலைவில்லை. 'மஸ்த்' என்பதன் உறவுதான் குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) பெயரிலும் இருப்பது. 'கலந்தர்' நம் ஊர்களில் ஆட்பெயராக வழங்கியது. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப றபான் தட்டி வந்த பாவாமாரின் பாடல்களை என் தலைமுறை நன்றாக அறியும். அவற்றில் எதற்கும் நூர்ஜஹானோ ஆபிதாவோ வாய்க்கவில்லை. யார் கட்டிய பாட்டு, எந்த ஊர் மெட்டு என்று கேட்டு வைத்தவர்களும் குறைவு. நானும் கேட்கவில்லை.

கலந்தர் பாட்டு பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் குரலில் திரும்பப் பாடியதுதான். அப்படிப் பாடப்பட்டும் சாகர் போன்றோரின் பெயர் மங்கிப்போயிற்று. பாடவும் படாமல், எழுதவும் படாமல் இருப்பவற்றின் கதி என்ன? இன்று எங்கள் ஊரில் சஹர் பாட்டுத் தெரிந்த முதியவர் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார். அடுத்த கிழமை அவரிடம் போவதாக இருக்கிறேன். முதலில் பாட்டைக் கேட்பேன். பிறகு, அதைக் கட்டியவரின் பெயரைக் கேட்பேன்.