ஐம்பது ரூபாய்க்கு ரெண்டு வருஷம்!

ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் இன்றைக்கு ஐம்பது ரூபாய் காலி. அதே ஐம்பது ரூபாய் அளவுக்கு அடுத்தவர் பொருளை வேண்டுமென்றே நாசம் செய்தால், ரெண்டு வருஷம் வரை ஜெயில் என்று நம் சட்டம் 2024 வரை சொல்லிக்கொண்டிருந்தது!

மெக்காலே தலைமையிலான குழு 1837-ல் நகல் எழுதி, 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலான இந்திய தண்டனைச் சட்டத்தின் 427-வது பிரிவு அது. அன்றைக்கு ஐம்பது ரூபாய் என்பது பெரிய தொகை. ரூபாயின் மதிப்பு தேய்ந்துகொண்டே போனது. பிரிவில் இருந்த எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை.

மதுரையை அடுத்த பரவை. அங்கே காய்கறி மார்க்கெட் பக்கம் ஒருவர் கோபத்தில் இன்னொருவரின் தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தக்காளியெல்லாம் ரோட்டில். வண்டிக்காரர் நேரே ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். ஆனால் 427-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. கூடவே போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம் ஒன்றாவது இருந்தால், முழு கேஸையும் எடுக்கலாம். அதற்குக் கைகொடுத்தது 294(பி). பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது! நம்மூர்ப் புகார் மனுக்களில் 'அசிங்கமாகத் திட்டி' என்ற வரி ஏன் அத்தனை முறை வருகிறது என்று இப்போது புரிகிறதா? (வாயை மூடிக்கொண்டு யாரும் வண்டியைக் கவிழ்ப்பதில்லை என்பதும் நிஜம்தான்.)

கேஸ் கோர்ட்டுக்குப் போகிறது. வாய்தா மேல் வாய்தா. நடுவில் ஊர்ப் பெரியவர்களும் ரெண்டு பக்க வக்கீல்களும் பேசி ஒரு தொகையை முடிவு செய்கிறார்கள். நஷ்டம் தனியாருக்கு மட்டும் என்றால் 427-ஐ ராஜி செய்துகொள்ள 1973-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டமே இடம் கொடுத்தது. நீதிபதியின் அனுமதிகூடத் தேவையில்லை. ராஜியானால் எதிரி விடுதலை.

அங்கேதான் சிக்கல். ராஜி ஆகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 294(பி) கிடையாது! கேஸை உள்ளே கொண்டுவந்த அதே பிரிவு, வெளியே போகவிடாமல் வாசலை மறித்துக்கொள்ளும். 'என்ன பேசினார்னு காதுல விழலைங்கய்யா' என்று கூண்டில் சாட்சி சொல்வார். பிறழ் சாட்சி, நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. இன்னொரு வழி, வழக்கையே ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போவது. சமரசமான வழக்குகளை, ராஜிக்கு இடமில்லாத பிரிவுகள் இருந்தாலும், தகுந்தவற்றில் ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும்வரை அதற்கும் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ராஜி என்றால் ஏதோ கட்டப்பஞ்சாயத்து என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தண்டனை கொடுத்தால் நஷ்டஈட்டுக்கும் கோர்ட் உத்தரவிடலாம், வாஸ்தவம். ஆனால் விசாரணை முடிந்து தீர்ப்பு வரும்வரை வண்டிக்காரர் எதைத் தள்ளுவார்? அவர் கைக்குச் சீக்கிரம் காசு வருவது ராஜியில்தான் என்பதே என் கட்சி. ஒரே பயம், எதிரி பலசாலியாக இருந்தால் 'குடுத்ததை வாங்கிட்டுப் போ' என்பதும் ராஜி என்ற பெயரில்தான் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் ராஜி கிடையாது. வயலுக்கு வரும் தண்ணீரை மறித்தால் ஐந்து வருஷம் வரை தண்டனை இருந்தும், நஷ்டம் தனியாருக்கு மட்டும் என்றால் ராஜியாகலாம். விளைபொருளுக்குத் தீ வைத்தால், 2024 வரை பத்து ரூபாய் நஷ்டம் செய்யும் எண்ணமே போதுமானதாக இருந்தது, ஏழு வருஷம் வரை, ராஜியும் இல்லை. அரசு பஸ் கண்ணாடியை உடைத்தால், 1992-ல் தமிழ்நாடு கொண்டுவந்த தனிச் சட்டம் காத்திருக்கிறது.

2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ரெண்டு வருஷத் தண்டனைக்கு இப்போது நஷ்டம் இருபதாயிரம் ரூபாயாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் தண்டனை குறைவு. லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருஷம் வரை. தக்காளியோடு சேர்த்துத் தள்ளுவண்டி இருபதாயிரம் தேறுமா? அந்தத் தேதிக்கு முன்னால் கவிழ்ந்த வண்டிகளுக்கு மட்டும், இன்றும் மெக்காலே காலத்து ஐம்பது ரூபாய்க் கணக்குதான்.