இளவட்டக்கல்லும் உலக்கையும்

“வீட்டில் தண்ணீர்க்குடம் தூக்க ஆளில்லை, இரும்பைத் தூக்கக் காசு கட்டிப் போகிறான்.” சூலக்கரையில் என் மாணவன் ஒருவனின் தாயார் இவ்வாறு குறைப்பட்டுக்கொண்டார். அவனோ, “வீட்டுவேலை உடற்பயிற்சி ஆகுமா, ஐயா?” என்று என்னைக் கேட்டான். அவ்வினாவுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

உடல்வலிமையைப் புகழாகப் போற்றிய மரபு நம்முடையது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் உள்ளது. பல்லவன் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ எனப் பெயர் பெற்றான். சிற்றூர்களில் இவ்வலிமைக்கு அளவுகோலாய்க் கிடந்தது இளவட்டக்கல். வழவழப்பான உருண்டைக் கல், பிடிமானம் இராது. குந்தி அணைத்து, தொடைக்கு ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோளைக் கடத்திப் பின்புறம் எறிய வேண்டும். தூக்கியவனுக்கே பெண் என்பது தென்மாவட்டங்களில் வழங்கிவரும் செய்தி. இக்கல் சோதனைக்கு உரியது. அதைத் தூக்கும் வலிமையை ஏரும் கமலையும் மூட்டையும் ஆண்டு முழுதும் வளர்த்தன.

அதே ஊரில் இன்னொரு கல்லும் இருந்தது, அது உரல். கைமாற்றிக் கைமாற்றி உலக்கை போட்ட பெண்களின் தோளும் முதுகும் எவ்வளவு உரம் பெற்றிருக்க வேண்டும்! அவ்வுழைப்பின் தாளம் வள்ளைப்பாட்டாகிச் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்றது. ஆயினும் பாட்டுக் கிடைத்த அளவுக்குப் பெயர் கிடைக்கவில்லை. இளவட்டக்கல்லைத் தூக்கியவன் வீரன்; உலக்கை தூக்கியவள் வேலை செய்தவள், அவ்வளவே. இன்று நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் விளையாட்டில் பெண்களும் கல் தூக்குகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது.

அன்றாட அசைவின் மதிப்பை மருத்துவ உலகம் உணர்ந்தது பிற்காலத்தில்தான். 1953இல் ஜெரமி மாரிஸ் குழுவினர் இலண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தனர். அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது.

இதைக் கொண்டு உழைப்பெல்லாம் உடற்பயிற்சி என்று முடிவுகட்டுவதும் தவறு. நம் மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் விரல்கள் ஓயாது இயங்கும். முதுகும் முழங்காலும் மடங்கியே கிடக்கும். அங்கே களைப்பு மிகும், உடல் தேறாது. பயிற்சியில் எடையைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டும்போது நிறுத்தி ஓய்வெடுக்கலாம். கூலிவேலையில் அவ்வுரிமை இல்லை. கூடத்தின் சிறப்பு இந்த அளவும் ஓய்வுமே. வயது ஏற ஏறத் தசை கரைவதைத் தடுக்க அது உதவும்.

ஆகவே மாணவனிடம் சொன்னேன்: “கூடத்துக்குப் போவதை நிறுத்தாதே. அங்கே குந்தி எழப் பழகிய கால்கள் குடம் தூக்கவும் உதவுமே!” அவன் சிரித்தான். அவன் தாயார் கேட்டதும் உண்மையில் உடற்பயிற்சியைப் பற்றியதன்று. வீட்டுச் சுமையில் அவனுக்குள்ள பங்கைத்தான் கேட்டார். அந்தக் கேள்வி உரலின் காலத்திலிருந்தே விடையின்றி நிற்கிறது.