கடற்படிவு ஹைட்ரோகார்பன் மாசு

கரையோரக் கடலடிச் சேற்றிலும் மணலிலும் பெட்ரோலியச் சேர்மங்களும் எரிப்பில் பிறக்கும் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களும் தேங்கும் மாசுபாடு. நீரில் எளிதில் கரையாத இவை களிமண், கரிமத் துகள்களில் ஒட்டிப் படிகின்றன. ஆக்சிஜனற்ற சேற்றில் மிக மெதுவாகவே சிதைகின்றன. எண்ணெய்க் கசிவும், நிலக்கரி, டீசல், விறகுப் புகைக்கரியும் முக்கிய மூலங்கள். தாவர மெழுகு இயற்கை மூலம்; அதில் 27, 29, 31 என ஒற்றைப்படைக் கார்பன் அல்கேன்கள் மிகும். பினாந்திரீன்–ஆந்திரசீன் விகிதம் 10-ஐத் தாண்டினால் எண்ணெய், குறைந்தால் எரிப்பு என்பது வழக்கமான கணிப்பு; நாள்பட்ட படிவில் இதை மட்டும் நம்ப இயலாது.

எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த எண்ணூரில் 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த கப்பல் எரிநெய் தாராக இறுகிக் கரைப்பாறைகளில் அப்பியது. பெரும்பகுதி வாளிகளால் அள்ளப்பட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை அடைந்தது. படிவில் தேங்கும் ஹைட்ரோகார்பன்களுள் பென்சோபைரீன் புற்றுநோய்க் காரணி; நீரை வடிகட்டியுண்ணும் சிப்பிகளின் உடலில் இவை சேர்கின்றன.