கட்டுப்பாடு, வரம்பு, தடை: பொருள் வேறுபாடு என்ன?

பங்காருபேட்டை: அரசு அறிவிப்புகள் குறித்த செய்திகளில் கட்டுப்பாடு, வரம்பு, தடை ஆகிய சொற்கள் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று பயன்படுத்தப்படுவது உண்டு. ஆனால், சட்டத்தில் இவை மூன்றும் வெவ்வேறானவை. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

சொற்பொருள்

'கட்டுப்படு' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் கட்டுப்பாடு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு செயலை அனுமதிப்பதை இது குறிக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு என்பனவும் இப்பொருளிலேயே வழங்குகின்றன. வயல் வரப்பைக் குறிக்கும் வரம்பு, அளவின் எல்லையையும் குறிக்கும். 'தடு' என்பதன் வழிவந்த தடை, அனுமதியை அறவே மறுப்பதாகும்.

தங்கத்துக்குக் கட்டுப்பாடு

கன்னடத்தில் 'பங்கார' என்றால் தங்கம். முன்னர் பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருபேட்டையிலிருந்துதான் கோலார் தங்கவயலுக்கு ரயில் கிளைப்பாதை செல்கிறது. தங்கவயல் சுரங்கங்கள் 1962-இல் மத்திய அரசின் வசமாயின. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. தங்கக் கடத்தலையும் அந்நியச் செலாவணி இழப்பையும் தடுப்பது அவற்றின் நோக்கம்.

புதிய நகைகளுக்கு 14 காரட் என்ற தர வரம்பு விதிக்கப்பட்டது. பெயரளவில் இது கட்டுப்பாடு; 22 காரட் நகை செய்து பழகிய பொற்கொல்லர்களுக்கோ தொழில் தடையாகவே அமைந்தது. பலர் வாழ்வாதாரத்தை இழந்தனர். இந்த வரம்பு 1966-இல் நீக்கப்பட்டது.

தொடர்ந்து வந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று நிலைகளும் இடம்பெற்றன. தனிநபர்கள் கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை. பொற்கொல்லர்களின் கையிருப்புக்கு வரம்பு. வணிகர்களுக்கு உரிமம் என்னும் கட்டுப்பாடு. 1990-இல் இச்சட்டம் ரத்தானது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

இன்றைய பயன்பாடு

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலும் 'கட்டுப்படுத்தப்பட்டவை', 'தடைசெய்யப்பட்டவை' எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதி முதல் பிரிவில் சேர்க்கப்பட்டபோது, அது தடை எனப் பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில், உரிமம் பெற்று இறக்குமதி செய்ய வழி இருந்தது.

எனவே, இத்தகைய அறிவிப்புகளைப் படிக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: அனுமதி பெற வழி உள்ளதா, அளவு குறிப்பிடப்பட்டுள்ளதா, விதிவிலக்கு உண்டா? அனுமதிக்கு வழியிருந்தால் அது கட்டுப்பாடு. அளவு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் வரம்பு. இரண்டும் இல்லையெனில் தடை.