கட்டாக்குக்குப் போன குதிரை: நிறுவனக் கருவியில் வெளிவேலை குறித்து

கல்கத்தாவில் ஒருவர் காசிக்குப் போகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒரு குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். போனதோ கட்டாக்குக்கு. வழியெல்லாம் பத்திரமாகத்தான் ஓட்டினார்; ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டுவிட்டது. நட்டம் யாருடையது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 154ஆம் பிரிவுக்குத் தரும் எடுத்துக்காட்டு இது. ஓட்டியவரே ஈடு தரவேண்டும் என்கிறது சட்டம். அவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. சொன்ன வழியை விட்டு விலகியதே போதும். ஆனால் அந்தப் பிரிவு கேட்பது குதிரைக்கு நேர்ந்த சேதத்தின் ஈட்டை மட்டும்தான். கட்டாக்கில் சம்பாதித்ததையும் குதிரைக்காரரிடம் கொடு என்று அது சொல்லவில்லை.

நிறுவனம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கருவிகளில் பணியாளர் இன்னொருவருக்கு ஒப்பந்த வேலை செய்யலாமா என்ற கேள்விக்கு இந்த நூற்றைம்பது ஆண்டுப் பழைய குதிரையை நான் அழைத்துவரக் காரணம் உண்டு. அலுவலக மேசையில் இருக்கும் கணினி பணியாளரின் உடைமையில் இருப்பதாகச் சட்டம் பார்ப்பது அரிது. வீட்டுக்கு வந்தது அப்படியல்ல. சொத்து எண் ஒட்டி, கையெழுத்து வாங்கி, மாதக்கணக்கில் ஒருவர் பொறுப்பில் விட்டு, வேலையை விடும் நாளில் சார்ஜர் முதற்கொண்டு எண்ணித் திருப்பி வாங்குகிறார்கள். குறித்த நோக்கத்துக்காகப் பொருளைக் கொடுத்துவைத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறும் ‘ஒப்படைப்பு’க்கு இது மிக நெருங்கியது. அப்படியானால் 154ஆம் பிரிவு காட்டும் அளவுதான் பொருளின் உரிமையாளர் என்ற வகையில் நிறுவனம் கோரக்கூடிய அளவு. அதற்கு மேல் ஒரு தடை வேண்டுமென்றால் அதற்கு வேறு காரணம் காட்டவேண்டும். மடிக்கணினியைப் பொறுத்தவரை அந்தக் காரணம் இருக்கிறது என்பதும், அது பெரும்பாலும் நிறுவனங்கள் சொல்லும் காரணம் அல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை பார்ப்பது குறித்து 2022இல் நடந்த ‘மூன்லைட்டிங்’ சர்ச்சை இந்த இடத்தைத் தொடாமலேயே போய்விட்டது. போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி அந்தச் செப்டம்பரில் அறிவித்தார். இரட்டை வாழ்க்கை கூடாது என்று மின்னஞ்சல் அனுப்பிய இன்ஃபோசிஸ், அடுத்த மாதமே, முன் அனுமதி பெற்று, போட்டியாளர் அல்லாதவருக்குச் சிறுபணி செய்யலாம் என்று இறங்கி வந்தது. பேசப்பட்டதெல்லாம் நேரமும் விசுவாசமும்தான். கருவி பற்றிய கேள்வி அந்த இரண்டுக்குள்ளும் கரைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை, போட்டியே இல்லாத ஒருவருக்கு, அனுமதியும் பெற்று வேலை செய்கிறவர் எந்தக் கணினியில் செய்வது? அப்போதும் கேள்வி அப்படியே நிற்கிறது.

முதலில் நாற்காலி, மேசை, திரை, விசைப்பலகை. இவற்றில் எதுவும் தங்குவதில்லை. நிறுவனத் திரையில் தன் சொந்தக் கணினியை இணைத்து இரவில் வேலை பார்ப்பவரால் நிறுவனத்துக்கு என்ன போய்விட்டது? திரை உடைந்தால் ஈடு தரட்டும். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. அதே வீட்டில் அறையும் மின்சாரமும் இணைய இணைப்பும் பெரும்பாலும் பணியாளருடையவை. நுழைவுக் குறியீடு வந்து விழும் கைபேசியும் அவருடையதுதான். இவற்றை நிறுவனம் கேட்காமலே பயன்படுத்தும்போது, தன் நாற்காலியில் உட்கார்ந்தது ஒழுங்கீனம் என்று அது சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மடிக்கணினியின் கதை வேறு. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்குக் கட்டட வரைபடங்கள் போட்டுவந்தார். இரவு நேரங்களில், தெரிந்த மேஸ்திரி ஒருவர் எடுத்திருந்த வீட்டுக்கும் அதே கணினியில், நிறுவனம் உரிமம் வாங்கிய ஆட்டோகேட் மென்பொருளில் படம் போட்டுக் கொடுத்தார். இடையில் வேறு வேலை கிடைத்து ராஜினாமா செய்தார். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அவருடைய உள்நுழைவு முடக்கப்பட்டது. அங்கே மண்ணிவாக்கத்தில் அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் முடிந்து தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியைத் திருப்பி வைக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்ல, திருத்தவேண்டிய மூலக் கோப்பு பூட்டிய கணினிக்குள் இருந்தது. மேஸ்திரியிடம் இருந்தவை அச்சுப்படிகள் மட்டும். முன்பு அனுப்பிய ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால், அதன் பண்புகள் பகுதியில் நிறுவனத்தின் பெயர் தானாகவே பதிந்திருந்தது. கம்பி கட்டுபவர்களுக்கு நான்கு நாள் வேலையில்லை. அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அந்தப் படம் யாருடையது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17(இ) பிரிவில், பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் போக்கில் ஒருவர் உருவாக்கிய படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. எந்தக் கருவியில் செய்தார் என்று அது கேட்பதில்லை. கலிஃபோர்னியா கேட்கிறது: அம்மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவின்படி, முழுக்கத் தன் நேரத்தில், முதலாளியின் கருவிகளையோ பொருட்களையோ வசதிகளையோ தொழில் இரகசியங்களையோ தொடாமல் ஒருவர் கண்டுபிடித்ததை ஒப்பந்தத்தைக் காட்டி முதலாளி எடுத்துக்கொள்ள முடியாது. முதலாளியின் தொழிலோடு தொடர்புள்ளவையும் அவருக்காகச் செய்த வேலையிலிருந்து விளைந்தவையும் விலக்கு. ஆக, கருவியைத் தொட்ட கணத்தில் அந்தக் கவசம் போய்விடுகிறது. நம் சட்டம் சொல்லாமல் விட்டதைப் பணி நியமன ஒப்பந்தங்கள் சொல்லிவிடுகின்றன. ‘நிறுவன வளங்களைக் கொண்டு உருவாக்கிய அனைத்தும்’ என்ற வகை வாசகத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் ஏராளம். அது நீதிமன்றத்தில் முழுதாக நிற்குமா என்பது வேறு. வழக்கே வராவிட்டாலும், மேஸ்திரி காசு கொடுத்து வாங்கிய படத்தின் மேல் அவருக்குத் தெரியாமலேயே ஒரு வில்லங்கம் ஏறிவிட்டது. இந்த மூன்றாமவரை நினைத்துத்தான் மடிக்கணினித் தடையை நான் ஆதரிக்கிறேன். நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் ஓடும் கணினியில் அவருடைய வேலையை வைப்பது, அவர் அனுமதியில்லாமல் அவருடைய காகிதங்களை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம்.

சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. சோழிங்கநல்லூர் எல்காட் வளாகம் போன்ற இடங்களில் உள்ள அலகுகள் சுங்கவரி இல்லாமல் கணினி கொண்டுவரலாம். அம்மண்டலங்களுக்கான விதிகளில் 2022 ஜூலையில் சேர்த்த 43அ விதி, அங்கீகரித்த பணிகளை வீட்டிலிருந்து செய்வதற்காகவே அவற்றை வெளியே எடுத்துச் செல்ல இடம் தந்தது. அரசு வரியை விட்டுக்கொடுத்தது அந்த நோக்கத்துக்கு. அந்தக் கணினியில் வெளிவேலை செய்பவர் தன் முதலாளியை மட்டுமல்ல, அரசுக்கு முதலாளி கொடுத்த உறுதியையும் மீறுகிறார்.

இவ்வளவும் ஒப்பந்த மீறல் என்ற எல்லைக்குள் நிற்கவேண்டும். குற்றவியல் சட்டம் உள்ளே வரக்கூடாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் உரிமையாளரின் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு கணினியை அணுகினால் மூன்றாண்டு வரை சிறை என்கின்றன. ‘அனுமதி’ என்ற சொல்லை நிறுவனக் கொள்கைக் கையேட்டின் ஒவ்வொரு வரியோடும் சேர்த்துப் படித்தால் யார்தான் தப்புவார்? 2021இல் வான் ப்யூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையொத்த சிக்கலைச் சந்தித்தது. நுழைய உரிமையுள்ள தரவுத்தளத்தைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்திய காவல் அதிகாரி, அந்நாட்டுக் கணினிக் குற்றச் சட்டத்தை மீறவில்லை என்று 6–3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. இல்லையேல் அலுவலகக் கணினியில் சொந்த மின்னஞ்சல் அனுப்புவதும் குற்றமாகிவிடும் என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நம் நீதிமன்றங்களும் இந்தக் குறுகிய வாசிப்பையே ஏற்கவேண்டும் என்பது என் துணிபு.

‘இன்னொரு கணினி வாங்க வழியிருந்தால் ஏன் வெளிவேலைக்குப் போகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறையில் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றதுதான் பலருக்குத் தமக்கென்று இருந்த முதல் கணினி; அதில் யாருக்கு என்ன வேலை செய்தாலும் கேட்பாரில்லை. அது பழுதானபின், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கிடைத்த, வேகமான, ஆனால் சொந்தமல்லாத கணினிதான் வீட்டில் மிஞ்சியது. இந்த நெருக்கடி உண்மையானது. தடையை மட்டும் எழுதிவைத்து நெருக்கடியைப் பணியாளரிடமே விட்டுவிடுவது முறையாகாது.

வழி வரிச் சட்டத்திலேயே கிடக்கிறது. வருமான வரி விதிகள், பணியாளரின் பயன்பாட்டுக்குத் தரும் பிற அசையும் பொருட்களுக்கு ஆண்டுக்கு விலையில் 10 சதவீதத்தைச் சலுகை மதிப்பாகக் கணக்கிடுகின்றன. கணினிக்கு அந்தக் கணக்கே இல்லை. பயன்படுத்திய கணினியைப் பணியாளருக்கே விற்றால், ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மிச்ச மதிப்பில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். 60,000 ரூபாய்க் கணினி மூன்றாண்டு முடிவில் 7,500 ரூபாய். அந்த விலைக்கு அவருக்கே விற்றால் சலுகை என்று வரி விதிக்க எதுவும் மிஞ்சாது. வன்தட்டை அழித்து, சொத்து எண் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, ரசீதோடு கொடுக்கலாம்.