காகிதமா, கண்ணாடியா? கோயில்களைப் படம் பிடித்த இரண்டு கேமராக்கள்

திருவாரூர் தேரழகு என்பது போல விரிஞ்சிபுரம் மதிலழகு என்று ஒரு பேச்சு உண்டு. வேலூருக்கு மேற்கே பாலாற்றின் தென்கரையில் இருக்கும் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் மதில்தான் அது. இந்தப் பக்கத்துக் கோயில் கல்யாணங்களுக்கு வரும் போட்டோகிராபர்கள் கையில் இப்போது முழு ஃபிரேம் மிர்ரர்லெஸ் கேமரா. சோனி 2013ல் ஏ7 வரிசையைக் கொண்டு வந்தது. நிக்கானும் கேனானும் 2018ல் அதே பாதைக்கு வந்தன. அன்றிலிருந்து "எது பெஸ்ட்?" என்ற சண்டைக்கு ஓய்வே இல்லை.

இந்தச் சண்டை புதுசு இல்லை. மிர்ரர்லெஸ்ஸும் புதுசு இல்லை! கேமரா பிறந்ததே உள்ளே மிர்ரர் இல்லாமல்தான். ஒரு மரப்பெட்டி, முன்னால் லென்ஸ், பின்னால் சொரசொரப்பான ஒரு கண்ணாடிப் பலகை. அதில் உருவம் தலைகீழாக விழும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குறி பார்க்க வேண்டும். ஃபிரேம் அளவைப் பார்த்தால் இன்றைய கேமராக்கள் வெட்கப்பட வேண்டும். இப்போதைய முழு ஃபிரேம் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. 1850களில் தமிழ்நாட்டுக் கோயில்களை எடுத்த லின்னேயஸ் டிரைப்பின் பெரிய நெகட்டிவ் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். பரப்பளவில் சுமார் 134 மடங்கு. பெருமைக்காக அல்ல. அப்போது நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்ட வைத்து வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் போட்டார்கள். பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிதாக கேமராவும் இருந்தாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பத்து வருட இடைவெளியில் இரண்டு ராணுவ அதிகாரிகள் தென்னிந்தியக் கோயில்களைப் படம் பிடித்தார்கள். ஒருவர் டிரைப், 1857-58ல். மற்றவர் கேப்டன் எட்மண்ட் டேவிட் லயன், 1867-68ல். இருவரையும் அனுப்பியது சென்னை மாகாண அரசு. இருவருடையதும் மரப்பெட்டிதான். வித்தியாசம் பெட்டிக்குள் சொருகியதில் இருந்தது. டிரைப்புடையது மெழுகு ஏற்றிய காகிதம். லயனுடையது ஈரமான கண்ணாடி.

இரண்டு முறைகளும் வெளியானது ஒரே வருடத்தில், 1851ல். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே மெழுகுக் காகித முறையை அறிவித்தார். இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார்.

மெழுகுக் காகிதம் பொறுமைசாலி. காகிதத்தின் நார்களுக்கு இடையில் மெழுகை உருக்கி இறக்கினால் வெளிச்சம் நன்றாக ஊடுருவும். பிறகு வெள்ளி உப்பு ஏற்றிக் காய வைத்துவிடலாம். முந்தின நாளே தயார் செய்து பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகலாம். எடுத்த படத்தை உடனே கழுவ வேண்டும் என்ற அவசரமும் இல்லை, முகாமுக்குத் திரும்பி ராத்திரி செய்தால் போதும். கீழே விழுந்தால் உடையாது. குறை என்ன? வேகம் கிடையாது, பல நிமிடம் லென்ஸைத் திறந்தே வைக்க வேண்டும். காகிதத்தின் நாரும் லேசாகப் படத்தில் இறங்கும்.

ஈரக் கண்ணாடி நேர் எதிர். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட கேமராவில் சொருக வேண்டும். காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். மொத்தமே சில நிமிடங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அந்தச் சில நிமிடமும் சுருங்கிவிடும். அதனால் போகும் இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயன பாட்டில்கள், சுத்தமான தண்ணீர், கட்டுக்கட்டாகக் கண்ணாடி. பதிலுக்குக் கிடைப்பது கூர்மை. நார் இல்லை, மங்கல் இல்லை, சிற்பத்தின் விரல் நகம் வரை தெரியும். வெளியில் நல்ல வெயில் இருந்தால் சில நொடிகளே போதும்.

விரிஞ்சிபுரத்தையே சோதனைக்களமாக வைத்துப் பார்க்கலாம். மதிலும் கோபுரமும் எங்கேயும் ஓடப்போவதில்லை. பல நிமிடம் திறந்து வைத்தாலும் அசையாது. குறுக்கே நடந்து போகிறவர்கள் படத்தில் பதியாமல் கரைந்துவிடுவார்கள். மெழுகுக் காகிதத்துக்கு அளவெடுத்த மாதிரி காட்சி. கல்யாண மண்டபத்துத் தூண்கள் வேறு கதை. பாயும் யாளிகள், ஆழமான செதுக்கல், பக்கத்தில் இருந்து வரும் அரை வெளிச்சம். கண்ணாடித் தகட்டுக்கும் அங்கே நேரம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் கிடைக்கும் நுணுக்கத்தைக் காகிதத்தால் தொட முடியாது. மதிலுக்கு டிரைப், மண்டபத்துக்கு லயன் என்று தீர்ப்பு எழுதலாம்.

ஆனால் டிரைப் இந்தப் பக்கம் எடுத்ததை வெளியிடவில்லை. அவர் வெளியிட்ட தொகுப்புகள் சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று போகின்றன. வேலூர் அதில் இல்லை.

டிரைப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். 1822ல் பிறந்தவர், சென்னைப் படையின் அதிகாரி. ஹளேபீடு, பேலூர் கோயில்களை 1854ல் எடுத்து, 1855 சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கினார். அதே 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போனார். பிறகு சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். அவரோடு வேலை பார்த்தவர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்ற தமிழர். புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் டிரைப்புக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கினால் ஐயாசாமிக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியாவது இருக்கிறதே!

காகிதத்தின் இன்னொரு வசதியை டிரைப் நன்றாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கால ரசாயனங்கள் நீல வெளிச்சத்தை அளவுக்கு மீறி வாங்கும். அதனால் வானம் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாக வரும். டிரைப் காகித நெகட்டிவின் மேல் வண்ணம் தடவி மேகம் வரைந்தார். இலைகளின் கருமையையும் சரி செய்தார். போட்டோஷாப் என்று இன்று திட்டுகிறார்களே, அந்த வேலையை அரசாங்கச் செலவில் 1850களிலேயே செய்திருக்கிறார்.

அவருடைய பெரிய சாதனை தஞ்சைப் பெரிய கோயிலில். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்றைய செல்போனில் இருக்கும் பனோரமா, கையால். ஹுல்ச் அந்தத் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் பதிப்பிக்கத் தொடங்கியது 1891ல். அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே அந்த எழுத்துகள் காகிதத்தில் ஏறிவிட்டன. இதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை. ஒரே உயரம், ஒரே தூரம், அவசரம் இல்லாத 21 படங்கள்... பொறுமை உள்ள கேமராவுக்கு ஏற்ற வேலை.

இந்த வேலையை நிறுத்தியது எந்தத் தொழில்நுட்பக் குறையும் இல்லை. கணக்குப் புத்தகம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கக் கஜானா காலி. 1859ல் சென்னை கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசு புகைப்படக்காரர் வைத்துக்கொள்வது இந்த நிலைமையில் ஆடம்பரம் என்று முடிவு கட்டித் திட்டத்தை மூடினார். (காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: 1860ல் ஜேம்ஸ் வில்சன் கொண்டு வந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் இதே டிரெவெல்யன் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். செலவைக் குறை, வரி போடாதே என்பதுதான் அவர் கட்சி.) செலவுப் பார்வையில் டிரெவெல்யனைக் குற்றம் சொல்வது கஷ்டம். ஆனால் அவர் பார்த்தது வருடச் செலவு. கிடைத்ததோ வருடக் கணக்கில் அடங்காத சொத்து. மூலதனச் செலவை நடப்புச் செலவாக எழுதிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. டிரைப் அதன்பிறகு பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. 1902ல் காலமானார்.

அடுத்த பத்து வருடத்தில் மெழுகுக் காகிதம் கிட்டத்தட்ட வழக்கொழிந்தது. அதற்குள் ரயிலும் வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ல் ஓடிய ரயில், 1862க்குள் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேற்குக் கடற்கரையின் பேய்ப்பூர் வரை போய்விட்டது. உடையும் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு மாட்டு வண்டிக் குலுக்கலில் பாதியாவது மிச்சம்.

லயன் ஓய்வு பெற்று ஊட்டியில் ஸ்டூடியோ நடத்தியவர். டிரைப் போல அரசாங்கத்துக்கு முழுநேரப் புகைப்படக்காரர் இல்லை, இன்றைய பாஷையில் கான்ட்ராக்ட் வேலை. அரசுக்கு அதில் செலவு கட்டுப்படும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கோயமுத்தூருக்குப் பக்கத்துப் பேரூர் உட்படப் பல கோயில்களை எடுத்தார். டிரைப்பின் படங்களில் இருக்கும் அமைதி லயனிடம் குறைவு. ஆனால் தூண், பிரகாரம், சிற்பம் என்று தகவல் கேட்டால் லயன்தான் அதிகம் தருகிறார். அவருடைய படங்களுக்கான குறிப்புகள் 1870ல் ஜேம்ஸ் பெர்குசன் பதிப்பில் புத்தகமாக வந்தன.

பெர்குசன் கல்கத்தாவில் அவுரி வியாபாரம் பார்த்துச் சம்பாதித்து, பிறகு கட்டடக்கலை வரலாறு எழுதியவர். லண்டனில் உட்கார்ந்து இந்தியக் கோயில்களை ஒப்பிட்டு எழுத அவருக்குப் பெரிதும் கைகொடுத்தவை புகைப்படங்கள்தான். 1876ல் வந்த அவருடைய இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் வேலூர்க் கோட்டைக் கோயிலின் தூணும் பேரூர்த் தூணும் அடுத்தடுத்து இருக்கின்றன. அப்போது வேலூர்க் கோட்டைக் கோயிலில் சாமி கிடையாது, பூஜை கிடையாது. ஜலகண்டேஸ்வரர் திரும்ப உள்ளே வந்தது 1981ல். கும்பிட ஆள் இல்லாத மண்டபத்தின் தூண் லண்டனில் பாடப் படமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் புத்தகத்தில் இருப்பவை புகைப்படங்கள் அல்ல. எழுத்தோடு சேர்த்துப் புகைப்படத்தை மலிவாக அச்சடிக்கும் வழி அன்று நடைமுறைக்கு வரவில்லை. புகைப்படத்தைப் பார்த்து ஒருவர் மரக்கட்டையில் செதுக்கினார், அதைத்தான் அச்சிட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய கூர்மை மரம் செதுக்குகிறவரின் உளி முனை அளவுக்குச் சுருங்கிப் போனது. டிரைப்பின் தொகுப்புகளிலோ ஒவ்வொரு பக்கத்திலும் அசல் பிரிண்ட்டையே ஒட்டினார்கள்.