நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் ஏற்படும் டெலிரியம்

நுண்ணுயிர் எதிர்ப்பி (ஆன்டிபயாடிக்) உட்கொள்ளும் சிலருக்கு, அம்மருந்தின் பக்கவிளைவாகத் திடீர் மனக்குழப்பமும் பிதற்றலும், அதாவது டெலிரியம், ஏற்படுவதுண்டு. இது அரிதானது, ஆனால் காய்ச்சல், முதுமை, கிருமித்தொற்று என வேறு காரணங்களின் மேல் பழியைப் போட்டுவிடுவதால் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. காரணம் மருந்துதான் என்று தெரிந்து அதை நிறுத்தினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

அறிகுறிகள்

டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தொடங்கும். நோயாளியால் ஒன்றில் கவனம் செலுத்த முடியாது. நாள், இடம், ஆள் தெரியாமல் தடுமாறுவார். இல்லாதவற்றைக் காண்பதும் கேட்பதும் உண்டு. காலையில் தெளிவாகப் பேசியவர் இரவில் பிதற்றலாம். சிலர் ஆர்ப்பரிக்காமல் சோர்ந்து கிடப்பார்கள். அவர்களின் நிலையே அதிகம் தவறவிடப்படுகிறது.

மூன்று வகைகள்

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர்கள் 2016இல் 'நியூராலஜி' இதழில் ஒரு மீளாய்வை வெளியிட்டனர். எழுபது ஆண்டுக் காலப் பதிவுகளில் இருந்த 391 நோயாளிகளும் 54 மருந்துகளும் அதில் அடங்கும். அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு மாயக் காட்சிகளோ பொய்யான நம்பிக்கைகளோ இருந்தன. 14 விழுக்காட்டினருக்கு வலிப்பு வந்தது. பாதிப்புகளை மூன்றாக அம்மீளாய்வு வகுத்தது.

முதல் வகை பெனிசிலின், செஃபாலோஸ்போரின் இனங்களால் வருவது. சில நாட்களில் குழப்பம், தசைத் துடிப்பு, வலிப்பு ஆகியவை தோன்றும். இரண்டாம் வகை சல்ஃபா மருந்துகள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினலோன்கள், கிளாரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகள் ஆகியவற்றால் வருவது. மனப்பிறழ்வு அறிகுறிகள் இதில் மேலோங்கும். மூன்றாம் வகை மெட்ரோனிடசோல் ஒன்றால் மட்டுமே வருகிறது. வாரக்கணக்கில் மருந்து உட்கொண்ட பின் நடை தள்ளாடும், பேச்சு குழறும். எம்ஆர்ஐ படத்தில் சிறுமூளையில் மாற்றம் தெரியும். முதல் இரு வகைகளில் எம்ஆர்ஐ பொதுவாக இயல்பாகவே இருக்கும்.

காசநோய் மருந்துகளில் சைக்ளோசெரினும் ஐசோனியாசிடும் மனநிலையைப் பாதிக்கக்கூடியவை. இவற்றோடு பி6 வைட்டமின் மாத்திரை கொடுப்பது வழக்கம்.

காரணங்கள்

மூளை நரம்புகளின் துடிப்பை அடக்கி வைப்பது 'காபா' என்னும் வேதிப்பொருள். பெனிசிலினும் செஃபாலோஸ்போரினும் அதன் ஏற்பிகளைத் தடுக்கும்போது நரம்புகள் கட்டுமீறித் துடிக்கின்றன. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் மருந்து வெளியேறாமல் தேங்குவதால் ஆபத்து கூடுகிறது. மேற்கண்ட மீளாய்வில் கால்வாசிப் பேர் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள். செஃபிபைம் ஊசி பெறும் இத்தகையோருக்கு உடல் வெட்டி இழுக்காமலே வலிப்பு நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது. ஃப்ளோரோகுயினலோன் மருந்துகளின் விவரத்தாளில் டெலிரியம் குறித்த எச்சரிக்கையை 2018இல் வலுப்படுத்தியதும் அந்நிறுவனமே.

கண்டறிதலும் சிகிச்சையும்

இதை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை இல்லை. தொற்று மூளைக்குப் பரவியிருத்தல், சர்க்கரை அல்லது சோடியம் குறைதல், ஆக்சிஜன் குறைவு, மதுவை நிறுத்தியதன் விளைவு ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். மருந்து தொடங்கிய நாளையும் குழப்பம் தொடங்கிய நாளையும் ஒப்பிடுவது முக்கியமான தடயம். மறைந்திருக்கும் வலிப்பை மூளை மின்னலை வரைவு (இஇஜி) காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சை என்பது மருந்தை நிறுத்தி, தொற்றுக்கு ஏற்ற வேறொன்றைத் தருவதே. முதல் இரு வகைகளில் பெரும்பாலும் சில நாட்களில் தெளிவு திரும்பும். மெட்ரோனிடசோல் பாதிப்பு நீங்க வாரங்கள் ஆகலாம். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு, தேங்கிய மருந்தை அகற்ற டயாலிசிஸ் உதவக்கூடும்.

தடுப்பு

முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து மருந்தின் அளவைக் குறைப்பதே முதன்மையான தடுப்பு. வீட்டார் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. தொற்று முற்றினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். பேச்சிலோ நடத்தையிலோ புதிய மாற்றம் தெரிந்தால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலோடு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.